கம்பெனி வாங்காத வரிசை

மாப்பிள்ளையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றுதான். மாமனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உங்கள் தொழிலையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள். டாக்டர் மாப்பிள்ளையிடம் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்துவிடலாம். வாத்தியார் மாப்பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். விவசாயம் படித்த மாப்பிள்ளை, விவசாயத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு வீட்டுக்குள் போய் வாயைத் திறந்தால் அவனை யாராலும் காப்பாற்ற முடியாது. நான் திறந்தேன்.

அப்போதுதான் தலை தீபாவளி முடிந்திருந்தது. வேளாண்மைப் பட்டம் வாங்கிவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் விதைக் கம்பெனியில் கள அலுவலராக இருந்தேன். (கள அலுவலர் என்பது பெயர். வேலை என்னவென்றால், கம்பெனி கொடுத்த மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், நன்றாக இருக்கும் மனிதர்களைப் பிடித்து விதை உற்பத்தி செய்ய வைப்பது.) அந்த வருடம் கம்பெனி ஆமணக்கில் வீரிய ஒட்டு விதை போடச் சொல்லியிருந்தது. எண்ணெய் வித்துகளுக்கு நாட்டில் பெரிய பஞ்சம், அதை நான்தான் தீர்க்கப் போகிறேன் என்று எனக்கு ஓர் எண்ணம்.

மாமனார் வீடு நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில். மாமனார் நடேசன், சிக்கனத்துக்குப் பேர் போனவர். பேப்பரை டீக்கடையில் படிப்பார். டீயை வீட்டுக்கு வந்து குடிப்பார். அந்த வருடம் ஊர் ரோட்டோரத்துப் புளியமரங்களைக் காய்க்குக் குத்தகை எடுத்திருந்தார். காலையும் மாலையும் அந்த மரங்களைப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். பெற்ற பிள்ளைகளை அப்படிப் பார்த்தாரா என்று தெரியாது.

மாமியார் ருக்மணி என்னோடு நேருக்கு நேர் பேச மாட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மாமியார்கள் அப்படித்தான். எனக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவி சுமதியிடம் சொல்வார். சுமதி பக்கத்தில் இல்லையென்றால் மாட்டிடம் சொல்வார். மாடும் மேயப் போயிருந்தால் கதவிடம். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "ஏ சுமதி, உங்க வூட்டுக்காரருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். சுமதி என்னைப் பார்த்து, "ரசம் வேணுமா?" என்பாள். நான் "போதும்" என்பேன். அவள் அம்மாவைப் பார்த்து, "போதுமாம்" என்பாள். மூன்று பேரும் ஒரே சமையலறையில்தான் இருப்போம்.

வீட்டில் இரண்டாவது பெண் மலருக்கு எலவனாசூர்கோட்டையில் இடம் முடிவாகியிருந்தது. பையன் பஸ் கண்டக்டர். வைகாசியில் கல்யாணம். அந்தக் கல்யாணச் செலவு முழுவதும் கிணற்றுக் கொல்லையில் விளையப்போகும் மல்லாட்டையை நம்பி இருந்தது. (வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், நிலத்தைக் கொல்லை என்போம்.) நன்றாக விளைகிற மண், நன்றாக ஊறுகிற கிணறு, வருடாவருடம் கைவிடாத மல்லாட்டை. ஒரு புத்திசாலி அதில் தலையிட மாட்டான்.

சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தேன். "இந்த வருஷம் மல்லாட்ட வேணாம் மாமா. கெணத்துக் கொல்லைல ஆமணக்கு போடலாம்."

மாமனார் சோற்றிலிருந்து தலை நிமிர்ந்தார். "வேலியோரம் தானா மொளைக்கிறத கெணத்துத் தண்ணி பாய்ச்சி வளக்கச் சொல்றீங்களா மாப்ள?"

அது சாதாரண ஆமணக்கு அல்ல என்று விளக்கினேன். நாலு வரிசை பெண் செடி, அதற்குப் பக்கத்தில் ஒரு வரிசை ஆண் செடி. பெண் செடியின் குலையில் பெண் பூ மட்டும்தான் வரும். ஆண் வரிசையிலிருந்து மகரந்தம் பறந்துபோய் அதில் விழ வேண்டும். அப்படி விழுந்து பெண் வரிசையில் காய்க்கிற கொட்டைதான் வீரிய ஒட்டு விதை. சாதாரண ஆமணக்கைப் போலப் பல மடங்கு விலைக்குக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

"கூலி ஜாஸ்தி ஆவுமே மாப்ள. எதுத்த ஊர்ல பருத்தி வெதைக்கு பொம்பளைங்க பூவு பூவா உக்காந்து கிள்ளிக்கினு இருக்காங்க. அவங்க கூலிலயே அந்தக் கொல்லைக்காரன் பாதி ஆயிட்டான்."

"பருத்திக்குத்தான் மாமா ஆள் வேணும். ஆமணக்குக்குக் காத்து போதும். அதுவே மகரந்தத்தத் தூக்கிக்கினு போயி போட்டுரும்."

"காத்துக்கு இன்னா கூலி?"

"காத்துக்கு ஏது மாமா கூலி?"

மாமனார் கை காயும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கூலி கேட்காத ஆளை அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார். "அந்த ஆம்பள வரிசைல காய்க்கறத?"

"அதக் கம்பெனி வாங்காது மாமா. மகரந்தம் குடுத்ததோட அதும் வேல முடிஞ்சிது. வேணும்னா வெட்டியே போட்டுரலாம்."

(இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மாமனார் வைத்துக்கொண்டார்.)

அடுப்படிக் கதவிடம் மாமியார் பேசுவது கேட்டது. "தண்ணிய, எருவ ஆம்பளைக்கும் சேத்துப் போடணுமாம். காய மட்டும் பொம்பளகிட்ட வாங்கிக்குவாங்களாம். இதத்தான் இந்த வூட்ல இத்தினி வருசமா பாத்துக்கினு இருக்கேன். இதுக்குக் காலேஜு போவணுமா?" கதவு பதில் சொல்லவில்லை. நான் எழுந்து கை கழுவப் போனேன்.

மார்கழியில் விதைத்தோம். அதற்குப் பிறகுதான் ஊரோடு எனக்குப் பகை ஆரம்பித்தது. வேறு ஆமணக்கின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால் விதையின் சுத்தம் கெட்டுவிடும். அதனால் கொல்லையைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வேறு ஆமணக்கே இருக்கக் கூடாது. எங்கள் பக்கம் ஆமணக்கு இல்லாத வேலி கிடையாது. ஆமணக்கை ஊரில் கொட்டமுத்து என்பார்கள். வீடு வீடாகப் போய், "உங்க கொட்டமுத்துச் செடிய வெட்டிடணும்ங்க" என்று கேட்டேன்.

டீக்கடை ஆறுமுகம்தான் அதிகமாகக் கோபப்பட்டார். அவர் கடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு செடி நின்றது.

"எங்க செடி உங்கள இன்னாங்க பண்ணுச்சி?"

"இப்ப ஒண்ணும் பண்ணலைங்க. பூ வந்தா பண்ணும். இங்கருந்து காத்துல போயி எங்க கொல்லைல இருக்கற பெண் செடிங்கள..." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஆறுமுகம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க செடி அந்த மாதிரி செடி இல்லீங்க" என்றார்.

மாமனார் முகத்துக்காகக் கடைசியில் எல்லாரும் வெட்டினார்கள். ஆறுமுகமும் வெட்டிவிட்டதாகச் சொன்னார். நான் போய்ப் பார்த்து மேலும் அவமானப்பட விரும்பவில்லை.

மாசியில் கொல்லை பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. ஆண் செடிக்குத் தண்டு சிவப்பு. பெண் செடிக்குப் பச்சைத் தண்டு, அதன்மேல் திருநீறு பூசியது போல வெள்ளை. ஆண் வரிசையில் மஞ்சள் பூ விரிய ஆரம்பித்திருந்தது. பெண் குலைகள் அப்போதுதான் சிவந்து தலைகாட்டின. இந்தச் சமயத்தில் ஒரு வேலை முக்கியம். பெண் வரிசைக்குள்ளேயே ஒன்றிரண்டு செடி மஞ்சள் பூ வைக்கும். அவற்றை உடனே பிடுங்கிவிட வேண்டும். வேலைக்கு வந்த பெண்களைக் கூட்டிவைத்து அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். ஆண் வரிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு நிற்கப் போகிறது, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கமும் கம்பெனிக்கு ஒரு ஆமணக்கு வயல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இரண்டொரு நாளில் வந்துவிடுகிறேன் என்று மலைக்குப் போனேன். போன மறுநாள் சாலைகளை அடைத்துவிட்டார்கள்.

அவை இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு உரிய பங்கைக் கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கேட்டது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன். அந்த நாட்களில் பல ஊர்களில் நடந்தவை சிரிக்கிற விஷயமல்ல. உயிர்கள் போயிருக்கின்றன, குடிசைகள் எரிந்திருக்கின்றன. அதை எழுதத் தகுந்தவர்கள் எழுதட்டும். என் பங்குக்கு மாமனார் ஊரில் நடந்த முட்டாள்தனம் மட்டும்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பங்கு என்னுடையது.

மறியல் என்றால் அன்றைக்கு வழி ஒன்றுதான். சாலையோரத்து மரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். பஸ் நின்றுபோகும். மலையடிவாரத்திலேயே மரம் கிடக்கிறது என்று செய்தி வந்தபோதும் நான் கவலைப்படவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுத்தானே வந்திருக்கிறோம் என்று, தங்கியிருந்த வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலத்தில் அந்த வீட்டுக்காரருக்கு வீரிய ஒட்டு விதையின் பொருளாதாரத்தை விளக்கினேன். "செலவே இல்லாத தொழில்" என்று நான் சொன்னது அவருடைய மாட்டுக்குக்கூடப் பாடமாகியிருக்கும்.

நாள் போகப் போக நிலைகொள்ளவில்லை. பெண் குலைகள் விரிந்திருக்குமே, போய்ப் பார்க்க வேண்டுமே என்று ஒரு காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வழி முழுக்க மரங்கள். ஒவ்வொரு இடத்திலும் இளைஞர்கள் நிறுத்தி, "எங்க போறீங்க?" என்றார்கள். "மாமனார் வூட்டுக்கு" என்றேன். அவர்களே வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். மாமனார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளையைத் தடுக்கிற அளவுக்குக் கொடிய போராட்டம் தமிழ்நாட்டில் நடந்ததில்லை.

சின்னசேலம் தாண்டி மாமனார் ஊர் எல்லைக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அங்கே மரம் எதுவும் கிடக்கவில்லை. ரோட்டோரத்துப் புளியமரங்கள் அத்தனையும் பழுத்த காய்களோடு அப்படியே நின்றன. ரோட்டுக்குக் குறுக்கே நெஞ்சுயரத்துக்கு ஏதோ தழையும் தண்டுமாகக் குவித்து, மேலே கொஞ்சம் முள்ளைப் போட்டிருந்தார்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷமாகிவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு, அங்கே உட்கார்ந்திருந்த இளைஞர்களின் தலைவன் உதயகுமாரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"வர்ற வழியெல்லாம் வயித்தெரிச்சலா இருந்துது உதயா. எத்தினி மரம். நீங்க ஒருத்தர்தான் மரத்துல கை வைக்காம போராட்டம் நடத்தறீங்க. படிச்ச பசங்க படிச்ச பசங்கதான்."

உதயகுமாருக்கு வெட்கம் வந்துவிட்டது. "நாங்க எங்கண்ணே. ரம்பத்தோடதான் வந்தோம். உங்க மாமாதான் இந்த யோசனையக் குடுத்தாரு."

"மாமாவா?" எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையோடு குவியலைத் தடவிக் கொடுத்தேன். கையில் பட்ட தண்டு சிவப்பாக இருந்தது. அதன் நுனியில் மஞ்சளாகப் பூ இருந்தது. கையை எடுத்தபோது விரலில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது.

அங்கிருந்து கொல்லைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. பெண் வரிசைகள் நான்கு நான்காக நின்றன. ஒவ்வொரு குலையும் சிவக்கச் சிவக்க விரிந்து காத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஆண் வரிசை இருந்த இடமெல்லாம் காலியாக, சுத்தமாக, மிச்சம் மீதி இல்லாமல் கூட்டிவிட்டது போல இருந்தது. காற்று வேறு நன்றாக வீசிக்கொண்டிருந்தது. கூலி கேட்காத காற்று, கொண்டுபோக ஒன்றும் இல்லாமல் வீசிக்கொண்டிருந்தது.

மாமனார் மேட்டில் நின்று சிரித்தபடி வரவேற்றார். "வாங்க மாப்ள. பாத்தீங்களா, ஒரு பைசா செலவில்லாம முடிச்சிட்டேன்."

"மாமா, ஆண் வரிச..."

"நேத்து சாயங்காலம் பசங்க ரம்பம் தூக்கிக்கினு வந்துட்டானுங்க. புளியமரத்த வெட்டித்தான் ஆவணும்னு நிக்கறானுங்க. காய் உலுக்கற நேரம், வெட்டுனா இன்னா ஆவறது? அப்பதான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சி. கம்பெனி வாங்காத வரிசதான, மரத்த வுட்டுட்டு இத வெட்டிக்கினு போங்கடான்னேன். தண்ணியும் மிச்சம், எருவும் மிச்சம்."

"அது மகரந்தம் குடுக்கணுமே மாமா."

"அதான் பூ வந்துடுச்சே. மகரந்தம் குடுத்தா அதும் வேல முடிஞ்சிதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

நான் சொன்ன வாக்கியங்களையெல்லாம் அவர் பத்திரமாக வைத்திருந்தார். நடுவில் நான் விட்ட வாக்கியம்தான் இல்லை. மகரந்தம் கொடுப்பது ஒரு நாள் வேலை அல்ல, குலை முழுக்க விரிந்து முடியும்வரை நடக்கிற வேலை என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆண்கள் கடைசிவரை இருக்க வேண்டும் என்பதை அந்த வீட்டில் வலியுறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விஷயம் புரிந்ததும் மாமனார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சிக்கனக்காரர் அழுது நான் பார்த்ததில்லை. அழவில்லை, ஆனால் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். "வைகாசிக்கு இன்னா பண்றது மாப்ள?" என்றார். மலர் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். என் படிப்பால் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. வெட்டி ஒரு நாள்தான் ஆகிறது. செடி முழுதாக வாடவில்லை. தண்ணீரில் நிறுத்திவைத்தால் மொட்டுகள் இன்னும் ஓரிரு நாள் விரியும். ஓடிப்போய் உதயகுமாரிடம் கெஞ்சினேன்.

"எடுத்துட்டா ரோடு தொறந்துக்கும்ண்ணே. மறியல் முடியாம தொறக்க முடியாது. தலைவருங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

"அப்ப புளியமரத்த..."

பின்னாலேயே வந்திருந்த மாமனார் இருமினார். நான் பாதியில் நிறுத்தினேன்.

உதயகுமார் யோசித்தான். "இதுக்குப் பதிலா வேற எதாவது குடுங்க. குறுக்க நிக்கணும், அவ்ளோதான்." அவன் பார்வை என் மோட்டார் சைக்கிளின்மேல் போய் நின்றது.

ஊரிலிருந்து மாட்டு வண்டிகள் இரண்டு, மாமனாரின் ஏர், கொஞ்சம் முள், நடுவில் கம்பெனி பெயர் எழுதிய என் மோட்டார் சைக்கிள். இவ்வளவையும் ரோட்டில் படுக்க வைத்துவிட்டு ஆண் வரிசையை மீட்டேன்.

இனி அவற்றை நிறுத்தத் தண்ணீரோடு பாத்திரம் வேண்டும். வீட்டில் இருந்த குடம், அண்டா, பால் கேன், மாட்டுத் தொட்டி எல்லாம் தீர்ந்துபோனது. மலர் தானாகவே உள்ளறையைத் திறந்துவிட்டாள். அங்கே அவள் சீர்வரிசைக்கு வாங்கிவைத்த பாத்திரங்கள் அடுக்கி இருந்தன. "எடுத்துக்கோங்க மாமா. காய்ச்சாத்தான் இதெல்லாம் எலவனாசூர்கோட்ட போவும்" என்றாள். பித்தளைக் குடம், எவர்சில்வர் அன்னக்கூடை என்று குத்துவிளக்கு தவிர எல்லாம் கொல்லைக்கு வந்தது. வரிசையாகப் பாத்திரம், பாத்திரத்தில் தண்ணீர், தண்ணீரில் ஆமணக்குக் கொம்பு. மறுநாள் காலை முழுக் குடும்பமும் ஆளுக்கொரு ஆண் குலையைக் கையில் பிடித்து, பெண் வரிசைகளின்மேல் உதறிக்கொண்டே நடந்தோம். காற்று இலவசமாகச் செய்யும் என்று நான் உத்தரவாதம் கொடுத்த வேலை.

மாமியாரும் உதறினார். உதறியபடியே ஒவ்வொரு பெண் செடியிடமும் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து மலருக்கு மாமனாராக வரப்போகிறவர் வரப்பில் வந்து நின்றார். பஸ் இல்லாததால், சைக்கிளும் நடையுமாக, எங்கள் பக்கம் எல்லாரும் சுகமா என்று பார்க்க வந்தாராம். நல்ல மனிதர். மருமகளுக்கு வரவேண்டிய பித்தளைக் குடத்தில் ஆமணக்குச் செடி நிற்பதையும், வரப்போகும் மருமகள் கையில் ஒரு குலையை வைத்து ஆட்டிக்கொண்டிருப்பதையும், சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டி அதையே செய்வதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இன்னாங்க சம்பந்தி?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "மாசி மாசம் இல்லீங்களா. காமனுக்கு."

காமன் பண்டிகைக்கு எங்கள் பக்கம் ஆமணக்குக் கொம்பு நடுவது வழக்கம்தான். தெருவுக்கு ஒன்று நடுவார்கள். சம்பந்தி கொல்லை முழுக்க ஒருமுறை கண்ணை ஓட்டினார். "இத்தினி காமனா?"

"பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு வேண்டுதல்" என்றார் மாமனார், துளிக்கூடச் சிரிக்காமல். சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பித்தளைக் குடத்துக் காமனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அன்று மட்டும் சிக்கனம் பார்க்காமல் வீட்டில் கோழி அடித்தார்கள்.

போலீஸ் வந்து சாலையைத் திறந்தபோது என் மோட்டார் சைக்கிளைப் போராட்டப் பொருள் என்று ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். கம்பெனி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமலே கேட்டார். "நீங்க எந்தக் கொள்கையில வேணா இருங்க சார். கம்பெனி வண்டிக்கு எப்போ கொள்கை வந்தது?" நான் மகரந்தத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

கொல்லை என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். பாதிக் குலைகளுக்கு மேல் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தன. மிச்சம் காய்த்தது. அதைக் கம்பெனியில் கொஞ்சம் விதைத்துப் பார்த்தார்கள். முளைத்து வந்த கன்றுகளிலேயே பல எங்கள் ஆண் வரிசையின் சாயலில் இல்லை. தடித்த பச்சைத் தண்டும் அகல இலையுமாக வேறு ஏதோ ஒரு சாயலில் இருந்தன. எனக்கு அந்தச் சாயல் தெரிந்தது. டீக்கடைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். பழைய சாக்கு மறைவில் ஆறுமுகத்தின் செடி நலமாக நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஆண்கள் ரோட்டில் படுத்துக் கிடந்தபோது அது ஒன்றே தனியாளாக அவ்வளவு தூரமும் வேலை பார்த்திருக்கிறது. அது அந்த மாதிரிச் செடிதான்.

கம்பெனி விதையை வாங்கவில்லை. செக்குக்குப் போட்டு எண்ணெயாக்கினோம். அந்த வருடம் எங்கள் சொந்தத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் விளக்கெண்ணெயில் மிதந்தன.

மலரின் கல்யாணம் சொன்ன வைகாசியிலேயே நடந்தது. எப்படி என்றால், புளியால். சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகப் புளியமரங்களை மறியலுக்கு வெட்டியிருந்தார்கள். காயோடு நின்றவை எங்கள் மாமனார் குத்தகை எடுத்த மரங்கள்தான். வியாபாரிகள் வீடு தேடி வந்து, விலை பேசாமல் எடை போட்டுக்கொண்டு போனார்கள். நான் பல மடங்கு என்று சொன்ன விலை ஆமணக்குக்குக் கிடைக்கவில்லை, புளிக்குக் கிடைத்தது. ஆண் வரிசையைக் கொடுத்து மரத்தைக் காப்பாற்றியதுதான் அந்த வருடம் எண்ணெய் வித்துச் சாகுபடியில் நடந்த ஒரே சிக்கனமான காரியம். எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை.

கம்பெனி கைவிரித்த அன்று அதைச் சொல்லத்தான் மாமனார் வீட்டுக்குப் போனேன். புளி விற்றது அதற்குப் பிறகு. அன்றைக்கு வீட்டில் பணம் என்று ஒன்றும் இல்லை. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நிலைப்படியிலேயே நின்றுகொண்டு, "கம்பெனி வாங்கல மாமா" என்றேன். மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். சுமதி பக்கத்திலேயே இருந்தாள், கதவும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"கம்பெனிக்காரன் வாங்கலன்னா போறான் மாப்ள. ஆம்பள வரிசய நாங்க வாங்கி ஆறேழு மாசம் ஆச்சி. திருப்பிக் குடுக்கவா முடியும்? கையக் கழுவிட்டு உக்காருங்க. ரசம் சூடா இருக்கு."

சிரித்து முடிக்க அந்த வீட்டுக்கு வெகுநேரம் ஆனது. மாமனார் சிரித்ததில் புரையேறிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ரசத்தின் காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மாப்பிள்ளைகளுக்கு அதுதான் பெயர். நான் முதல் ஆம்பள வரிசை. கண்டக்டர் தம்பி இரண்டாவது. ஆறுமுகம் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, "வரிச எப்படி, நிக்குமா?" என்றுதான் விசாரித்தாராம். மாமனார் இப்போது இல்லை. மரங்களில் ஒன்று மட்டும் நிற்கிறது. அதன் புளி வருடாவருடம் எங்கள் வீட்டுக்கு ஓர் உருண்டை வந்துவிடும்.

சென்ற மாதம் என் மகளுக்கு நிச்சயம் செய்தோம். பையனுக்கு சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மாமியாருக்கு வயதாகிவிட்டாலும் அன்று தானே பரிமாறுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அந்தப் புளியில் வைத்த ரசத்தை ஊற்றிக்கொண்டே, "குடிங்க தம்பி. இந்த மரத்த உங்க மாமனாருதான் காப்பாத்துனாரு" என்றார். பையன் என்னை மரியாதையாகப் பார்த்தான். நான் மறுக்கவில்லை.

அந்த உற்சாகத்தில் அவன் என் பக்கம் சாய்ந்தான். "மாமா, கிணத்துக் கொல்லைக்குத் தண்ணி விடறது, உரம் போடறது எல்லாத்தையும் போன்லயே பாத்துக்கற மாதிரி நான் ஒண்ணு பண்ணித் தரேன். ஆளே வேணாம். ஒரு பைசா செலவில்லை."

மாமியார் கரண்டியை மெதுவாகச் சட்டியில் வைத்தார். பிறகு எத்தனையோ வருடங்களுக்கு அப்புறம் என்னையும் விட்டு, பையனையும் விட்டு, சமையலறைக் கதவைப் பார்த்து,

"சுமதி, இன்னொரு ஆம்பள வரிசயும் வந்துடுச்சி. புளியமரத்த எதுக்கும் ஒருதரம் பாத்துக்கினு வரச் சொல்லு" என்றார்.